ரிப்போர்ட் நார்மல், நெஞ்சு மட்டும் அடைக்கிறது

"ஈசிஜி நார்மல். ரத்தமும் நார்மல். ஒண்ணுமில்லம்மா, எல்லாம் மனசுதான். டென்ஷன் ஆகாதீங்க."

இரவு 2 மணிக்கு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என்னிடம் சொன்னது இது. அதற்கு முந்தைய அரை மணி நேரம் நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல இருந்தது. உதடும் விரல் நுனிகளும் மரத்துப் போயின. வலது கை விரல்கள் தாமாகவே குவிந்து மடங்கிக்கொண்டன. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் என் கணவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக்கொண்டே வந்தார். மறுநாள் மாதக் கடைசி. நான் அப்போது ஒரு தனியார் வங்கிக் கிளையில் கடன் வசூல் பிரிவில் இருந்தேன்.

டாக்டர் எடுத்த பரிசோதனைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நெஞ்சு அடைத்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். எனக்குச் சண்டை அந்த "ஒண்ணுமில்ல" என்ற சொல்லோடுதான். அது வீட்டுக்கு வந்ததும் "நடிக்கிறாள்" ஆகிறது. ஆபீஸில் "வேலைக்குப் பயப்படுகிறாள்" ஆகிறது.

ரிப்போர்ட்டில் தெரியாதது உடம்பில் நடக்கவில்லை என்ற நம்பிக்கை எவ்வளவு தவறு என்பதற்கு என் மடங்கிய விரல்களே சாட்சி. பயத்தில் மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஓடும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. நரம்புக்கும் தசைக்கும் தேவையான கால்சியத்தில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயன்படாமல் போகிறது. அதனால்தான் மரமரப்பு, அதனால்தான் விரல் மடங்குவது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. இதில் எது கற்பனை? ஈசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். மூச்சு ஓடிய வேகத்தை அதில் தேட முடியாது. இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தணியும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி இறங்கியிருக்கும். எடுக்கும் பரிசோதனையெல்லாம் நார்மல் என்றுதான் வரும்.

அடுத்தது நம் ஊரின் பொதுத் தீர்ப்பு: "கேஸ் டிரபிள்." ஓம வாட்டர், சோடா, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் ஆபத்து. நிஜமான மாரடைப்பை கேஸ் என்று நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பெரிய நெஞ்சு வலி இல்லாமலேயே, மூச்சு வாங்கல், குமட்டல், தாடை வலி என்று வரலாம். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சில மணி நேரம் வைத்திருந்து ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைத் திரும்பவும் செய்வது அதனால்தான். "எனக்கு டென்ஷன்தான்" என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது.

இன்னொரு பக்கம், வயிறு நிஜமாகவே பதற்றத்தில் அடிபடுகிறது. அட்ரினலின் ஏறும்போது ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்கு ஓடுகிறது. இரைப்பை மந்தமாகிறது, பெருங்குடலோ அவசரப்படுகிறது. மேல் வயிறு கல்லாக, கீழ் வயிறு கலக்க, காலையில் மூன்று முறை கழிப்பறைக்குப் போய்விட்டு ஆபீஸ் கிளம்புகிறவரை வெறும் அசிடிட்டி மாத்திரை எத்தனை நாள் காப்பாற்றும்?

"மனதைரியம் இல்லாதவர்களுக்குத்தான் இதெல்லாம், அந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது?" என்பார்கள். இருந்தது, போர்வீரர்களுக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சு முட்டல் என்று வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்து, டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் விரிவாக எழுதினார். அவர்களில் பலருடைய இதயத்தில் அவரால் கோளாறு எதையும் காண முடியவில்லை. துப்பாக்கிக் குண்டுக்கு நடுவே நின்றவர்களைத் தைரியமில்லாதவர்கள் என்று யார் சொல்வது?

இன்னும் பின்னே போகலாம். உள்ளத்தில் எழுவது உடம்பில் புலப்படுவதற்குத் தொல்காப்பியம் ஒரு தனி இயலே ஒதுக்கியது. அதன் பெயரே மெய்ப்பாட்டியல். மெய் என்றால் உடம்பு. எட்டு மெய்ப்பாடுகளில் அச்சம் ஒன்று. அது பிறக்கும் இடங்களாக அந்நூல் நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் அரசன், நமக்கு மேலே இருப்பவன். மேலதிகாரியின் போன் வந்தால் வயிறு கலங்குவதைப் புதுக் காலத்து நோய் என்று சொல்கிறவர்கள் இந்த நாலாவதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புளியைக் கரைத்தது, ஈரக்குலை நடுங்கியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று நாம் தினமும் பேசுவது எல்லாமே உடம்பைப் பற்றித்தான்.

"அப்படியென்றால் எல்லா வலிக்கும் டென்ஷன்தான் காரணமா?" இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடக்கும், ரத்தசோகையிலும் மூச்சு வாங்கும், நாளைக்கு ஆறு காபி குடித்தாலும் கை நடுங்கும். எனக்கு உதவியது சமையலறையில் தொங்கிய தினசரி காலண்டர். கிழித்த தாளின் மூலையில் பென்சிலால் எழுதி வைத்தேன்: நெஞ்சுக்கு 'நெ', வயிற்றுக்கு 'வ', தலைவலிக்கு 'த', நேரத்தோடு. காலையில் தாடை வலித்தால் 'ப'. பல் டாக்டர் ஒருவர்தான் கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டி, "தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தார். ஏழு வாரத் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தேன். 'வ' எல்லாம் ஞாயிறு மாலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள். 'நெ' எல்லாம் 25-ஆம் தேதிக்கு மேல். மாடிப்படி ஏறிய நாட்களில் ஒன்றுமில்லை. அடுத்து நான் பார்த்த டாக்டர் தைராய்டையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டு, அந்தத் தாள்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

கடைசியாக, எல்லோரும் அன்போடு சொல்வது: "நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வா." போனேன். நன்றாகத் தூங்கினேன். திரும்பி வரும் பஸ் செங்கல்பட்டைத் தாண்டியபோது தோள் இரண்டும் காதுவரை ஏறி இருந்தன. லீவு வேலையின் நடுவே ஒரு இடைவெளியைத் தரும். வேலை அதே வேலைதான். உலக சுகாதார நிறுவனமே பர்ன்அவுட்டைத் தன் வகைப்பாட்டில் வேலை சார்ந்த ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது: சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று. அதே நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். இத்தனைக்கும் மருந்து பணியாளரின் மூச்சுப் பயிற்சி மட்டும்தான் என்றால் அது அநியாயம். மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெல்ல விடுவது அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க நிச்சயம் உதவும், நானும் செய்கிறேன். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ஆனால் என் உடம்பை அலைக்கழித்த ரிவ்யூ கால் ஞாயிறு இரவு 9 மணிக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

கிளையில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போய், அதைத் திங்கள் காலை 10 மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டோம். இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு மாற்றினார்கள். மூன்றாவது ஞாயிறு தாளில் 'வ' இல்லை. 'ப' போக இன்னும் சில மாதம் ஆயிற்று.