இசைத்தட்டு ஏன் முனகுகிறது?

வீட்டிற் பழையதொன்றும் புதியதொன்றும் கூடி வேலை செய்ய மறுக்குமாயின், பழி எப்போதும் பழையதன் தலையிலேயே விழும். கோப்பாயில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் அண்மையில் அவ்வாறுதான் நிகழ்ந்தது. முப்பது இசைத்தட்டுகள் குப்பைக்குப் போகவிருந்தன. அவை போகாமற் போனதற்குக் காரணம் விரல்நுனியளவான ஒரு சிறு விசை. அக்கதையையும் அதனுள் அடங்கிய விஞ்ஞானத்தையும் இவ்வாரம் கூறுவோம்.

அவ்வீட்டுப் பெரியவர் காலஞ்சென்றவர்; ஆசிரியராய் இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மாதமொன்றாக வாங்கிச் சேர்த்த தட்டுகள் அவை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெயர்ந்து சென்றபோது, பாட்டுப் பெட்டியைச் சுமப்பார் யார்? கட்டிலின்கீழ் விட்டுச் சென்றனர். திரும்பி வந்து பார்க்கையில் ரேடியோகிராம் இல்லை. பலகைப் பெட்டி மட்டும் கிடந்தது. கறையான் பெட்டியின் அடியையும் தட்டுகளின் காகித உறைகளையும் தின்றிருந்தது. தட்டுகளை மாத்திரம் தின்னவில்லை.

இப்போது கனடாவிலுள்ள மகன் புதிய சுழல்தட்டுக் கருவியொன்றை அனுப்பியிருந்தார். வீட்டிலே தொலைக்காட்சியோடு இணைந்த நவீன ஸ்டீரியோ ரிசீவர் முன்னரே இருந்தது. உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் கற்கும் பேத்தி, சிவப்புத் தலையும் வெள்ளைத் தலையும் உடைய வயர்களை ரிசீவரின் பின்புறத்தில் 'ஓக்ஸ்' என்றெழுதிய துளைகளிற் செருகி, தட்டை ஓடவிட்டாள். கொசு முனகுவது போல ஓரொலி எழுந்தது. ஒலியைக் கூட்டும் திருகை இறுதிவரை திருகினாள். பாட்டுத் தகரத்திற் கீறியது போற் கேட்டதேயன்றி, மிருதங்கம் இருந்த இடமே தெரியவில்லை.

நாம் சென்றபோது அவள் வாசலிலேயே, "மாமா, தட்டெல்லாம் பழுதாய்ப் போச்சுதாம். பழஞ்சாமான்காரரிட்டைக் குடுக்கச் சொல்லி அம்மம்மா சொல்லுறா" என்றாள். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. தேநீர் வைக்கக் குசினிக்குட் போய்விட்டார்.

தட்டு பழுதானால் இரைச்சல் வரும், 'டிக் டிக்' என்று துள்ளும், ஊசி ஓரிடத்தில் நின்று சுழலும். பாட்டின் அடியொலி முழுவதும் மறைந்து, மேலொலி மட்டும் மெலிந்து கேட்பது தட்டின் நோயன்று. அஃது இணைப்பின் நோய். அதனை விளங்கிக் கொள்ள ஊசியின் பின்னால் நிகழ்வதை அறிதல் வேண்டும்.

தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது, அதன் மறுமுனையிலுள்ள நுண்ணிய காந்தமும் அசைகின்றது. அருகேயுள்ள கம்பிச் சுருள்களில் மின் பிறக்கின்றது. 1831 ஆம் ஆண்டு பரடே கண்ட மின்காந்தத் தூண்டலேதான். நமது மாணவர் பரீட்சைக்காக மனனஞ்செய்யும் அதே விதி. ஆயினும் அக்காந்தம் எத்துணைச் சிறியது! அது பிறப்பிக்கும் மின்னழுத்தம் 3 முதல் 5 மில்லிவோல்ற்று அளவினதே. காந்தத்துக்குப் பதிலாகச் சுருளே அசையும் விலையுயர்ந்த வகைகளில் அரை மில்லிவோல்ற்றுக்கும் குறைவு. சீ.டீ. இயக்கியொன்றோ ஏறத்தாழ 2 வோல்ற்றை வெளிவிட வல்லது. 'ஓக்ஸ்' துளை அத்தகைய வலிய விருந்தினரை எதிர்பார்த்திருப்பது. அங்கே 4 மில்லிவோல்ற்றுடன் போய் நின்றால், ஐந்நூறிலொரு பங்குடன் வந்தவனை யார் மதிப்பார்?

ஒலி குறைந்தமைக்கு இது காரணம். அடியொலி மறைந்தமைக்குக் காரணம் வேறு; அதுவே சுவையானது. அடியொலிகளை உள்ளபடியே தட்டில் வெட்டினால், பள்ளம் பக்கவாட்டில் மிக அகன்று வளைந்து அடுத்த பள்ளத்தின் எல்லைக்குட் புகுந்துவிடும். பள்ளங்களை விலக்கி விலக்கி வெட்டினாலோ, இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நீள்தட்டின் ஒரு பக்கம் பாதி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே பதிவு செய்வோர் அடியொலியை வேண்டுமென்றே குறைத்தும், மேலொலியை வேண்டுமென்றே கூட்டியும் வெட்டுவர். மேலொலியைக் கூட்டுவதிலும் ஓர் உபாயமுண்டு. வாசிக்கும்போது அதனைத் திரும்பக் குறைத்தால், தட்டின் இயற்கையான 'ஸ்' என்னும் இரைச்சலும் உடன் குறைந்துவிடும். செக்கனுக்கு 20 அதிர்வுள்ள ஒலி, இடைத்தர ஒலியோடு ஒப்பிட ஏறத்தாழப் பத்திலொரு பங்காக்கப்படுகிறது. 20,000 அதிர்வுள்ளது ஏறத்தாழப் பத்து மடங்காக்கப்படுகிறது. முன்னர் ஒவ்வொரு கம்பனியும் தன் மனம் போனபடி கூட்டியும் குறைத்தும் வந்தது. அமெரிக்க இசைப்பதிவுத் தொழிற்சங்கம் 1954 இல் வகுத்த அளவே பின்னர் பொதுவழக்காயிற்று.

எனவே தட்டிலுள்ள பாட்டு உண்மையிற் கோணலான பாட்டு. அதனை நிமிர்த்துவதற்கும், ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்குவதற்கும் இடையில் ஒரு கருவி வேண்டும். பாடநூல்கள் கூறும் விரியலாக்கியின் ஒரு வகை அது. கடைக்காரர் 'போனோ பிரீஅம்ப்' என்பர்.

நம் இளமைக் காலத்து ரேடியோகிராமுக்கு இஃதெல்லாம் வேண்டியிருந்ததில்லையே என்று மூத்த வாசகர் கேட்கலாம். அவற்றுட் பெரும்பாலானவற்றில் இருந்தது பளிங்கு ஊசித்தலை. பளிங்கை வளைத்தால் அது தானே மின்னைப் பிறப்பிக்கும். அதுவும் அரை வோல்ற்று, ஒரு வோல்ற்று என்று தாராளமாக. மேலும் அதன் இயல்பே பாட்டின் கோணலைப் பெரும்பாலும் நிமிர்த்திவிடும். ஆனால் ஊசி தட்டின்மேல் ஐந்து கிராமுக்கு மேற்பட்ட பாரத்துடன் ஏறி உழுதுகொண்டு போகும். இக்காலத்துக் காந்தத்தலை இரண்டு கிராம் அளவிலேயே அமர்கிறது. தட்டு நீடு வாழ்கிறது.

பின்னர் வந்த ஸ்டீரியோ விரியலாக்கிகளில் 'போனோ' என்றெழுதிய தனித்துளைகள் இருந்தன. நிமிர்த்தும் பகுதி உள்ளேயே அமைந்திருந்தது. சீ.டீ. வந்து தட்டு மறைந்தபோது பல கம்பனிகள் அதனை விட்டுவிட்டன. இன்று பல ரிசீவர்களில் தொலைக்காட்சிக்கும் புளூடூத்துக்கும் இடமுண்டு, தட்டுக்கு இல்லை. சிலவற்றில் மீண்டும் தலைகாட்டுகிறது. பெயரால் வரும் மயக்கத்தையும் இங்கே கூறிவிட வேண்டும். அந்த வட்டத்தலைச் செருகி எதுவாயினும் அதனைப் 'போனோ பிளக்' என்றழைப்பது ஆங்கிலேயர் வழக்கு. ஆதலால் அத்தலை நுழையும் துளையெல்லாம் போனோத் துளை என்று கொள்ளற்க. எழுதியிருப்பதைக் கண்ணாற் படித்தறிதல் வேண்டும். முன்புறத்திலுள்ள 'போன்ஸ்' என்பது காதிற் பூட்டும் ஹெட்போனுக்குரியது. அதில் எதனையும் இணைத்துப் பயனில்லை.

கோப்பாய் வீட்டு ரிசீவரில் 'போனோ' இல்லை. பேத்தியின் முகம் வாடியது. பிரீஅம்ப் வாங்கக் கொழும்புக்குச் சொல்லியனுப்ப வேண்டுமோ என்றாள். பொறு என்று சொல்லி, சுழல்தட்டைத் திருப்பிப் பார்த்தோம். வயர் புறப்படும் இடத்துக்கருகே, கறுப்பின்மேற் கறுப்பாய், 'போனோ', 'லைன்' என்ற ஈரெழுத்துக்களுக்கிடையில் ஒரு சிறு விசை. அது 'போனோ'வில் நின்றது. இக்காலத்துக் கருவிகள் பலவற்றில் பிரீஅம்ப் உள்ளேயே அடங்கியுள்ளது. விசையை 'லைன்' பக்கம் தள்ளினால் அது வேலை செய்யும்.

அவள் விரல் உடனே விசைக்குப் போயிற்று. நாம் கையைப் பிடித்துத் தடுத்தோம். ரிசீவரின் திருகு இன்னமும் இறுதியிலன்றோ நிற்கிறது! நூறு மடங்கு பெருகிய ஒலி அந்நிலையிற் பாய்ந்திருந்தால், ஒலிபெருக்கிகளின் கூம்பு கிழிந்திருக்கும், சுருள் கருகியிருக்கும். இதனை வீட்டிலுள்ளோர் யாவரும் நினைவில் வைப்பாராக. மின்சாரத்தை நிறுத்தி, திருகை அடியில் இறக்கி, அதன்பின்னரே எதனையும் மாற்றல் வேண்டும்.

விசையில்லாத கருவி உடையோர் பிரீஅம்பைத் தனியே வாங்கி, சுழல்தட்டின் வயரை அதனுள்ளும், அதன் வெளிவாயை 'ஓக்ஸ்' அல்லது 'சீ.டீ.' என்ற துளைக்குள்ளும் செருகுக. சிவப்பு வலம், வெள்ளை இடம். சுழல்தட்டிலிருந்து மெல்லிய தனிவயரொன்றும் தொங்குமாயின் வெட்டியெறிய வேண்டாம். அது நிலத்தொடுப்பு. பிரீஅம்பின் திருகாணியில் அதனை முடுக்காவிட்டால், நம் நாட்டு மின்சாரத்தின் செக்கனுக்கு 50 என்ற அலை 'உம்ம்' என்று பாட்டோடு சேர்ந்து பாடும். விசை 'லைனில்' இருக்கும்போது 'போனோ' துளையிலோ வேறொரு பிரீஅம்பிலோ இணைப்பதும் தவறு. இருமுறை பெருகி, இருமுறை நிமிர்ந்து, பாட்டு உடைந்து அலறும். சுழல்தட்டை ஒலிபெருக்கியின் தலைமேல் வைப்பவர்களுக்கு நாம் என்ன சொல்வது! அதன் அதிர்வு ஊசிக்கேறி, மீண்டும் ஒலிபெருக்கிக்குப் போய், வட்டமாகச் சுற்றி ஊளையிடும்.

திருகை இறக்கி, விசையைத் தள்ளி, எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் நீள்தட்டொன்றை மெல்லிய துணியால் துடைத்து வைத்தோம். மெல்லத் திருகினோம். முதலில் தம்புரா வந்தது, பின்னர் குரல், பின்னர் மிருதங்கத்தின் தொப்பி, நிலத்திலிருந்து எழுவது போல. குசினியிற் பாத்திர ஓசை நின்றது. அம்மம்மா ஈரக்கையோடு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பக்கம் முடியும்வரை நின்றார்.

பிறகு அவரே பெட்டிக்குள் தேடி, பாரமான தட்டொன்றை எடுத்து வந்தார். "இதையும் ஒருக்காப் போடுங்கோ தம்பி. அவர் நாளுக்கொருக்கா இதைத்தான் கேக்கிறவர்." திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் தோடி, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டு. கருவியிலோ 33⅓, 45 என்ற இரு வேகங்களே உள. அன்றியும் அத்தட்டின் அகன்ற பள்ளத்துக்கு ஓரங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனான ஊசிமுனை வேண்டும். நீள்தட்டின் ஊசி அதன் அடியிற் கிடந்து உராயும். நாம் விளக்கினோம். அவர் மறுபேச்சின்றித் தட்டைச் சேலைத் தலைப்பாற் துடைத்தார்.

78 வேகமுள்ள சுழல்தட்டும் அதற்குரிய ஊசியும் என்ன விலை என்று பேத்தி கனடாவுக்குக் கேட்டெழுதியிருக்கிறாள். தட்டு இப்போது பெட்டியில் இல்லை; அலுமாரியிற் சேலைகளுக்கு நடுவே, நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது.