பகடைக்கும் உண்டு ஒரு தாளம்!



மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேசுவார்கள். வீசிய வாள் பட்டதா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் இருவரும் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. அதில் பெரும்பாலும் பழைய ஐரோப்பாவின் சாயல்தான். கோட்டை, மந்திரவாதி, டிராகன்...

மாய உலகம்னாலே கோட்டை கொத்தளம்தான் இருக்கணுமா? இதுதான் என் கேள்வி.

அடுத்த ஆண்டே அதே நாட்டில் வேறொரு மாய உலகம் பாட்டிலே பிறந்தது. அதைப் படைத்தவர் ஜார்ஜ் கிளின்டன். நியூ ஜெர்சியில் முடி திருத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் குழு நடத்திய கறுப்பின இளைஞராக இருந்தவர். 1975ல் இவரது 'பார்லிமென்ட்' குழு 'மதர்ஷிப் கனெக்ஷன்' என்ற ஃபங்க் இசைத்தட்டை வெளியிட்டது. அதில் கறுப்பின மக்கள் விண்கப்பலில் வருகிறார்கள். 1976ல் அந்தக் கப்பல் மேடையிலேயே இறங்கியது! 1977ல் 'சர் நோஸ்' என்ற வில்லனும் வந்தான். "நான் ஆடவே மாட்டேன்" என்பதுதான் அவனுடைய வீம்பு. அவனுக்கு எதிரான 'பாப் துப்பாக்கி' யாரையும் கொல்லாது. சுட்டால் ஆட வைத்துவிடும்!

இந்த இசையை வைத்து விளையாட்டு உலகம் அமைப்பவர்கள் பளபள உடுப்பு, நட்சத்திரக் கண்ணாடி என்று நின்னுட்டா அது வெறும் பெயின்ட் வேலை. ஃபங்கின் உயிர் 'ஒன்று' என்பதில் இருக்கிறது. நாலு தட்டில் முதல் தட்டை எல்லோரும் சேர்ந்து அழுத்த வேண்டும். மிச்சத்தில் அவரவர் கைவரிசை. ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவுக்குப் பழக்கிய பாடம் இது. அவரிடம் பேஸ் கிடார் வாசித்த பூட்ஸி காலின்ஸ் பிறகு கிளின்டனோடு சேர்ந்தார்.

இதையே ஆட்ட விதியாக்கினால் என்ன? ஒவ்வொரு சுற்றிலும் முதல் பகடையை எல்லோரும் ஒன்றாகப் போடணும். அது கூடி வந்தால்தான் தனித்தனித் திறமைக்கு இடம். டிராயிங் ஹாலில் சென்டர் லைன் போட்ட பிறகுதானே மற்ற கோடுகள்? எதிரியைக் கொன்றால் புள்ளி கிடையாது. அவனையும் ஆட்டத்தில் சேர்த்தால்தான் புள்ளி!

"வேலை வெட்டி இல்லாதவன் பேச்சு" என்று சிலர் சிரிக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். 'கற்பனை எல்லாம் வசதியானவங்களுக்குப்பா' என்று கேட்டே வளர்ந்தவன். கத்தரிக்கோல் பிடித்த கை விண்கப்பலை இறக்கியது என்று படித்த நாளில் அந்தப் பேச்சு எனக்குச் செல்லாக் காசாகிவிட்டது. பின்னாளில் மறுபடி செய்த அந்தக் கப்பல், 2016ல் வாஷிங்டனில் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்று நிற்கிறது. நமக்கொரு இடத்தை யாராவது எழுதித் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அடுத்தவன் கட்டிய கோட்டையில் எத்தனை நாள் சிப்பாயாகவே இருப்பது? சிந்திப்போம் தோழர்களே!

- இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்