பழைய விளையாட்டைப் பொதியாகக் கட்டுவது எப்படி?

மாணவர்களே, கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய ‘போ’ தோட்டத்தின் தேயிலையை வீட்டில் குடித்திருப்பீர்கள். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்தி, தரம் பிரித்த பிறகுதான் பொட்டலம் கட்டுகிறார்கள். மேலே எடை, காலாவதி நாள், தயாரித்தவர் பெயர் எல்லாம் இருக்கும்.

லினக்ஸ் கணினிக்கு மென்பொருள் வருவதும் இப்படித்தான். நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றி, பெயர், பதிப்பு எண், உரிமம், கூடவே தேவைப்படும் மற்ற மென்பொருள்களின் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டுவார்கள். அதற்குப் பொதி என்று பெயர்.

அப்பா காலத்து விளையாட்டுகள் இன்றைய கணினியில் நேராக ஓடாது. பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் தேவை. டாஸ் விளையாட்டுகளுக்கு ‘டாஸ்பாக்ஸ்’, கடைகளில் காசு போட்டு ஆடிய விளையாட்டுகளுக்கு ‘மேம்’. இந்த ‘மேம்’ 1997இல் வெளிவந்தது. அதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமம் சொன்னதால், டெபியன் லினக்ஸ் அதைத் தன் முதன்மைக் களஞ்சியத்தில் சேர்க்கவில்லை. 2016இல் உரிமம் மாறிய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. நிரல் நன்றாக ஓடினால் மட்டும் போதாது, பார்த்தீர்களா?

எமுலேட்டரை மட்டும் வைத்து என்ன செய்வது, விளையாட்டையும் பொதிக்குள் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. விற்கவும் மாட்டார்கள், பகிரவும் விடமாட்டார்கள் என்றால் அவை அழிந்துதான் போகும்.

இருந்தாலும் நான் அதை ஏற்க மாட்டேன். ‘டூம்’ விளையாட்டைப் பாருங்கள். 1993இல் வந்தது. 1997இல் அதன் நிரலைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அதன் படங்களும் களங்களும் இன்றும் நிறுவனத்தின் சொத்து. டெபியன் என்ன செய்தது? நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வட்டிலிருந்து உங்கள் கணினியிலேயே பொதியைக் கட்டித்தரும் ஒரு கருவியை வைத்திருக்கிறது. அடுத்தவர் சரக்கை அது விநியோகிப்பதில்லை. கெட்டிக்காரத்தனம்!

அதைவிட நல்ல வழி, உரிமையாளரையே கேட்பது. ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ 1994இல் விற்பனைக்கு வந்த விளையாட்டு. 2003இல் அதை உருவாக்கிய நிறுவனமே இலவசமாக்கியது. இன்று அது டெபியனில் பொதியாகவே கிடைக்கிறது. ‘ஸ்கம்விஎம்’ அதை ஓட்டுகிறது. இப்படி இன்னும் பத்து நிறுவனங்கள் முன்வந்தால் எவ்வளவோ மீளும்.

உங்களுக்கும் இதில் வேலை உண்டு. பல பொதிகளில், கணினிப் பட்டியில் தெரியும் பெயரையும் விளக்கத்தையும் சொல்லும் சிறு உரைக் கோப்பு இருக்கும். அதில் தமிழுக்கென்று தனி வரி சேர்க்கலாம். நிரல் எழுதத் தெரியாத முதலாம் படிவ மாணவரும் அதை எழுதி, பொதியைப் பராமரிப்பவருக்கு அனுப்பலாம்.