முதல் நிலை என்றால் அச்சமில்லை என்றா பொருள்?

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றால், நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாகத் தெரியும். அந்தக் கப்பல்களுக்கும் நம் துறைமுகத்துக்கும் 'பாதுகாப்பு நிலை' என்ற ஒன்று உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அனைத்துலகக் கடல்துறை அமைப்பின் உறுப்பு நாடுகள் 2002 டிசம்பரில் ஒரு பாதுகாப்பு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. அது 2004 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதில் மூன்று நிலைகள் உள்ளன. முதல் நிலை எந்நாளும் கடைப்பிடிக்க வேண்டிய காவல். இரண்டாவது, ஆபத்து கூடும்போது எடுக்கும் கூடுதல் நடவடிக்கை. மூன்றாவது, தாக்குதல் நெருங்கிவிட்டது என்று கருதும்போது அறிவிக்கப்படுவது. ஆக, முதல் நிலை என்பது 'ஆபத்தே இல்லை' என்ற சான்றிதழ் அன்று.

இவ்விதிகள் முக்கியமாகப் பயணிகள் கப்பல்களையும் 500 டன்னுக்குக் குறையாத சரக்குக் கப்பல்களையும் கட்டுப்படுத்துகின்றன. ஆனால், 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்தது எதில்? கடத்தப்பட்ட ஒரு மீன்பிடிப் படகிலும் பிறகு ஒரு சிறு ரப்பர் படகிலும்தான். 166 உயிர்கள் பறிபோயின. அவர்கள் கரையேறியபோது முதலில் கண்டவர்கள் அங்கிருந்த மீனவக் குடியிருப்பு மக்களே.

நமக்கும் இது தொலைவில் நடந்த கதையன்று. பாத்தாம் தீவிலிருந்து மரினா பே மீது ராக்கெட் பாய்ச்சத் திட்டமிட்டதாக, 2016 ஆகஸ்டில் இந்தோனேசியக் காவல்துறை ஆறு பேரைக் கைது செய்தது. நம் நீரிணையில் இரவில் கப்பலேறித் திருடுவோர் பெரும்பாலும் இயந்திர உதிரிபாகங்களைத்தான் எடுத்துச் செல்கின்றனர். ஆனால், திருடன் ஏறக்கூடிய கப்பலில் வேறு நோக்கம் கொண்டவனும் ஏறலாம் அல்லவா?

எனவே, இந்நிலைகளைக் கப்பல் தலைவர்களும் அதிகாரிகளும் மட்டும் அறிந்திருந்தால் போதாது. பொதுமக்களும் அறிய வேண்டும் என்பது என் கருத்து. அது வீண் பீதியைக் கிளப்பும் என்று சிலர் கூறலாம். 2020 பிப்ரவரியில் நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்ந்ததும் நாம் அரிசியையும் மீ பொட்டலங்களையும் வாங்கிக் குவித்தது உண்மைதான். ஆனால், அன்று நிறம் நம் காதில் விழுந்தது. செய்ய வேண்டியது மனத்தில் பதியவில்லை. புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்து முகக்கவசம் அணிய நாம் பழகவில்லையா? எண்ணோடு கடமையும் சேர்ந்தால் பீதி குறையும்.

படகுத்துறையில் தூண்டில் போடும் தாத்தா, கயாக் ஓட்டும் மாணவர், பம்போட் ஓட்டுநர் ஆகியோருக்கு, எதைக் கண்டால் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொரு நிலைக்கும் எளிய மொழியில் அறிவிக்கலாம். தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் அறிவிக்கலாம். கரையோரம் ஒரு பலகை வைக்க அதிகச் செலவாகாது.

ரேடாரும் ரோந்துப் படகும் கடலைக் காக்கட்டும். கரையைக் காக்கும் கண்களாக நாம் இருப்போம்.