சுவடிப் படிமங்களில் சிதையும் உரையாசிரியர் பெயர்கள்

ஓலைச்சுவடி மின்னாக்கத்தில் படிமத்தின் தெளிவு குறித்துப் பேசப்படும் அளவிற்கு, அப்படிமத்தினுள் பொதியப்படும் மீத்தரவு குறித்துப் பேசப்படுவதில்லை. நூற்பெயர், உரையாசிரியர், சுவடி எண் ஆகியவற்றை ஆயிரக்கணக்கான கோப்புகளில் கையால் இடுதல் இயலாது. ஆகவே ஒரு சிறுநிரல், கட்டளைவரிக் கருவி ஒன்றை அழைத்து அப்பணியை முடிக்கிறது. இதற்குப் பரவலாகப் பயன்படுவது, பில் ஹார்வி பெர்ல் மொழியில் எழுதி 2003 முதல் வெளியிட்டுவரும் எக்ஸிஃப்டூல். கருவி நம்பத்தக்கது, இடர்ப்பாடு அதனை நிரல் அழைக்கும் முறையிலேயே உள்ளது.

செய்தி நிறுவனங்களின் தேவைக்கென வகுக்கப்பட்ட பழைய ஐபிடிசி அமைப்பில், ஆக்கியோன் பெயருக்குரிய புலம் 32 பைட் மட்டுமே கொள்ளும். ஆங்கிலப் பெயருக்கு அது போதும். யுடிஎஃப்-8 முறையிலோ தமிழின் ஒவ்வொரு குறியீட்டெண்ணும் 3 பைட் பெறுகிறது. உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். தொல்காப்பிய உரையாசிரியர்களை இப்புலத்தில் இட்டுப் பார்த்தால் விளைவு புலனாகும். இளம்பூரணர், சேனாவரையர், கல்லாடனார் ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றும் 30 பைட்; தடையின்றி அமைகின்றன. பேராசிரியர் 33 பைட். ஒரே ஒரு பைட் மிகுதலால் இறுதிப் புள்ளி சிதைகிறது. 45 பைட் கொண்ட தெய்வச்சிலையார் ‘தெய்வச்சில’ எனவும், 54 பைட் கொண்ட நச்சினார்க்கினியர் ‘நச்சினார்க’ எனவும் குறைவுபடுகின்றனர். இளம்பூரணர் உரைச்சுவடியைக் கொண்டு நிரலைச் சோதித்தவருக்குப் பிழை எதுவும் தோன்றாது என்பதே இதில் அஞ்சத்தக்கது.

கருவி இதனை மறைப்பதில்லை. அளவு மீறியதெனச் சிறு எச்சரிக்கை தந்த பின்னரே பெயரைக் குறுக்குகிறது. ஆயினும் கோப்பு புதுப்பிக்கப்பட்டதாகவே கணக்கிடப்பட்டு, வெற்றியைக் குறிக்கும் சுழியம் நிரலுக்குத் திரும்புகிறது. அவ்வெண்ணை மட்டும் நோக்கி எச்சரிக்கை வரிகளைப் புறந்தள்ளும் நிரலுக்கு எல்லாம் செம்மையாகவே தோன்றும். மூலக்கோப்பின் மேலேயே எழுதுமாறு ஆணையிட்டிருந்தால், கருவி இயல்பாக விட்டுவைக்கும் பழைய படியும் எஞ்சாது. விண்டோஸில் தமிழ்ப் பெயரைக் கட்டளைவரியிலேயே அனுப்பும்போது அது கேள்விக்குறிகளாக மாறுவதுமுண்டு. அது கண்ணுக்குத் தெரியும் பிழையாதலால் தீங்கு குறைவு.

முழுவிவரம் அட்டவணையில் இருக்கையில் படிமத்துள் பெயர் குறைந்தால் என்ன என்று வினவுவோர் உளர். படிமங்கள் அட்டவணையைப் பிரிந்தே பயணிக்கின்றன. நச்சினார்க்கினியர் என்று தேடும் ஆய்வாளருக்கு ‘நச்சினார்க’ கிட்டாது.

இவ்வளவு வரம்பில்லாத எக்ஸ்எம்பி புலங்களையே முதன்மையாகக் கொள்ளுதல், விவரங்களை யுடிஎஃப்-8 கோப்பொன்றில் எழுதி அதனைக் கருவிக்கு அளித்தல், எச்சரிக்கைகளைப் பதிவு செய்தல் ஆகியவை தொழில்நுட்பருக்குரியன. எழுதியவற்றை மீண்டும் படித்து அட்டவணையோடு ஒப்பிடும் பணியோ பதிப்பாசிரியருக்குரியது. ஏடுகளைப் பாடம் ஒப்பிடும் பயிற்சியுடையவர் ‘தெய்வச்சில’ என்பதைக் கண்ட அளவிலேயே நிறுத்துவார்; அப்பெயரை அறியாத தொழில்நுட்பர் அதனைக் கடந்து செல்வார்.