கல்லைப் பேசவைக்கிறவர்கள்

பெண்ணிய நோக்கில் ஓர் இதிகாச மறுகதை வந்துவிட்டால் போதும், நம் சிறுபத்திரிகை வட்டம் இரண்டு கட்சியாகிவிடும். முன்னுரையைப் படித்துவிட்டுக் கை தட்டுகிறது ஒன்று. பின்னட்டையைப் படித்துவிட்டுப் ‘பிரச்சாரம்’ என்று தள்ளுகிறது மற்றது. நடுவில் கதை என்கிற வஸ்து படிக்கப்படாமலே கிடக்கிறது. தெலுங்கில் வோல்கா எழுதி 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘விமுக்த’, கௌரி கிருபானந்தன் தமிழாக்கத்தில் ‘மீட்சி’யாகக் கிடைக்கிறது. இரண்டு கட்சிக்கும் நல்ல தீனி.

இரண்டாவது கட்சியை முதலில் முடித்துவிடலாம். மூலத்தில் கை வைக்கலாமா என்பது இவர்கள் கேள்வி. கம்பன் கை வைக்கவில்லையா? வால்மீகியின் ராவணன் சீதையைக் கூந்தலில் பற்றித் தூக்குகிறான். கம்பனின் ராவணன் அவளைத் தொடாமல் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்துப் போகிறான். ஆண் விரல் படாத கற்பு என்ற கொள்கைக்காகப் பூமியையே பிளந்த மறுகதை அது. வால்மீகியின் அகலிகையும் கல்லல்ல, காற்றை உண்டு சாம்பலில் யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடப்பவள். அவளைக் கல்லாக்கியவர்களும் நம் மறுகதைக்காரர்கள்தான். கொள்கை இருப்பதால் கதை கெடும் என்றால் கம்பனை என்ன செய்வதாக உத்தேசம்?

ஆனால் கம்பனிடம் கொள்கை அதிசயமாகிவிடுகிறது. பெயர்ந்த நிலம் கண்ணில் நிற்கிறது, கொள்கையை மறுக்கிறவன் கண்ணிலும். ‘மீட்சி’யில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மூக்கறுபட்ட சூர்ப்பனகை காட்டில் ஒரு தோட்டம் வளர்க்கிறாள். அங்கே வோல்கா அசல் கலைஞர். அழகு என்பதை இழந்தவள் அதை மண்ணிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறாள், வியாக்கியானமே வேண்டாம். மற்ற கதைகளில் சீதை போகிறாள், மூத்தவள் ஒருத்தி பேசுகிறாள், சீதைக்கு விளங்குகிறது. விசாரணைக்கு ஒரு நாளும் சம்மதிக்காதே என்று அகலிகை எச்சரிக்கிறாள். சரியான எச்சரிக்கைதான், ஆனால் எச்சரிக்கை மட்டும்தான். ஊர்மிளை விஷயம் இன்னும் நஷ்டம். தெலுங்குப் பெண்கள் பாடி வந்த பாட்டில் அவள் பதினான்கு வருஷமும் தூங்குகிறாள். அரண்மனைக்குள் ஒரு பெண் தூக்கத்தையே வனவாசமாக்கிக்கொண்டாள் என்பது எவ்வளவு பயங்கரமான கற்பனை! வோல்காவின் ஊர்மிளை கதவைச் சாத்திக்கொண்டு சிந்திக்கிறாள். தூக்கம் போய்க் கட்டுரை வந்துவிட்டது. ராமன் பெயரில் பற்று, சீதை பெயரில் வரவு, கணக்கு நேராகிறது, பேரேட்டை மூடிவிடலாம்.

1943இல் புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் கணக்கை நேர்செய்யவில்லை. சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்ட அகலிகை கடைசியில் மறுபடி கல்லாகிறாள். பழைய கதையின் அதிசயத்தையே எடுத்து இன்னொரு தரம் நிகழ்த்துகிறார், அவ்வளவுதான். ராமனுக்கு எதிராக அதைவிடக் கடுமையான தீர்ப்பு தமிழில் இல்லை. அதை அவள் வாயால் சொல்லவில்லை. அம்பையின் ‘அடவி’யிலும் சீதையின் கைக்கு ராவணனிடமிருந்து வீணை வருகிறது. அந்த வீணை போதும்.

இது எழுத்தாளர்களுக்கு மட்டும் வாய்த்த சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து கிழக்கே உப்பூருக்குப் போய்க் கடலோரமாகத் தெற்கே இறங்கினால் ராமன் பூஜை செய்யாத ஊர் குறைவு. உப்பூரில் பிள்ளையார், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம். ராமேஸ்வரத்தில் மட்டும் கதை கொஞ்சம் வழுக்குகிறது. லிங்கம் கொண்டுவரப் போன அனுமான் வரத் தாமதமாகிறது, சீதை மணலைப் பிடித்து லிங்கம் செய்துவிடுகிறாள். திரும்பி வந்தவன் வாலைச் சுற்றி இழுத்தும் அசையவில்லை. பிடித்தது அவள் கை, பெயர் ராமநாதர். முதல் பூஜை அனுமான் கொண்டுவந்த லிங்கத்துக்கு! அக்னி தீர்த்தத்துக்குச் சொல்லும் கதை ஒன்றில், அவளைச் சோதிக்க வந்த அக்னியே சூடு தாங்காமல் கடலில் விழுகிறான். கற்பின் பெருமைக்காகச் சொன்னதுதான். ஆனால் வெந்துபோன நெருப்பு என்கிற படிமம் சொன்னவனின் உத்தேசத்தைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது.

சீதையையும் அகலிகையையும் விடாமல் விசாரிக்கிறவர்கள் அல்லியைப் பார்க்காமல் போவதுதான் எனக்கு ஆத்திரம். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’, பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்ற சரக்கு என்பதாலோ என்னவோ. மதுரையை ஆண்டவள், ஆணே வேண்டாம் என்றிருந்தவள். கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கையின் குதிரைமலையிலும் அவள் ஆண்டதாகச் சொல்வார்கள். கிருஷ்ணன் பாம்பாட்டியாக வருகிறான், அர்ஜுனன் பாம்பாகி அவள் படுக்கைக்குப் போகிறான், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் சீறுகிறாள். பாட்டு அவளைப் புலந்திரனுக்குத் தாயாக்கி அடக்கிவிடுகிறது. நமக்கு மிச்சம் ‘அல்லி ராஜ்யம்’ என்ற வசவு.

தூக்கத்தில் கட்டிய தாலி என்பதை நவீன எழுத்தாளன் யாரும் புதிதாக யோசித்துச் சேர்க்க வேண்டியதில்லை, பாட்டிலேயே இருக்கிறது. அதிசயமும் அங்கேயே இருக்கிறது. அல்லி எழுந்து உட்கார்ந்து நமக்குப் பெண்ணுரிமை பற்றிச் சொற்பொழிவு செய்ய வேண்டாம். அன்றிரவு அந்தப் படுக்கையில் பாம்பு என்ன ஆயிற்று என்று யாராவது எழுதட்டும்.