துணைப்பாடம்

பந்தல்குடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு மாணவன். பி.எஸ்ஸி. படிக்கிறவன். கையில் தடித்த கைடு: பண்டைக்கால, இடைக்கால இந்திய வரலாறு. பட்டத்தோடு கூடவே இதையும் முடித்துவைத்தால் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு ஆகும் என்றான். தில்லி அடிமை வம்சத்தை வரிசை தப்பாமல் ஒப்பித்தான். பள்ளிமடம் போயிருக்கிறாயா என்று கேட்டேன். ‘அங்கன என்ன இருக்கு சார்?’ என்றான்.

அவனை நொந்து பயனில்லை. வானம் பார்த்த பூமி. வீட்டில் முதல் பட்டதாரி. சம்பளம் தராத படிப்பை அவன் தொடமாட்டான். தொடு என்று சொல்ல எனக்கு அருகதையும் இல்லை. ஆனால் தான் சரித்திரம் படிப்பதாக அவனை நம்பவைத்திருக்கிறார்களே, அது மோசடி. நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கக் கற்றுக்கொள்வதற்குச் சரித்திரம் என்று பெயரில்லை.

பள்ளிமடத்தில் என்ன இருக்கிறது? திருச்சுழிக்குப் பக்கத்தில், குண்டாற்றங்கரையில் ஒரு சிவன் கோயில். கல்வெட்டுகளில் அதன் பெயர் சுந்தரபாண்டிய ஈசுவரம். பத்தாம் நூற்றாண்டில் ‘சோழன் தலைகொண்ட’ என்று பட்டம் போட்டுக்கொண்ட வீரபாண்டியன் காலத்து எழுத்துகள் அங்கே உண்டு. விளக்கெரிக்க ஆடு கொடுத்த கணக்குகள். தமிழ்நாடு முழுக்க இந்த வகைக் கொடைகளில் வருகிற தொடர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடு. கவிதை என்று நினைத்துவிட வேண்டாம்; கணக்கு. செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் இடையன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடு முதல், நெய் வட்டி. கொடுத்தவன் பெயர் கல்லில் நிற்கிறது. நெய்யை அளந்தவன் மழை பொய்த்த வருஷத்தில் என்ன செய்தான்? ஆட்டை அவன் கேட்டு வாங்கினானா, அவன் தலையில் கட்டினார்களா? இந்தக் கேள்விகளுக்கு நாலு விடை கிடையாது. ஆகவே கைடில் இவற்றுக்கு இடமும் கிடையாது.

கைடின் வம்சாவளியைப் பார்ப்போம். இந்திய சரித்திரத்தை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என்று மூன்று துண்டாக வெட்டியவர் ஜேம்ஸ் மில். 1817இல் வந்த அவருடைய புத்தகம், இந்த நாட்டில் கால் வைக்காமலே எழுதப்பட்டது. பிறகு லேபிள்கள் மாறின; பண்டை, இடை, நவீனம் என்றார்கள். வெட்டிய இடம் மட்டும் வெகுகாலம் அப்படியே இருந்தது. 1206இல் குத்புதீன் ஐபக் லாகூரில் பட்டத்துக்கு வந்தார், இடைக்காலம் தொடங்கிவிட்டது என்கிறது கைடு. அன்றைக்குக் குண்டாற்றங்கரையில் என்ன தொடங்கியது, என்ன முடிந்தது? ரொமிலா தாப்பர் போன்றவர்கள் இந்தப் பகுப்பைக் கேள்வி கேட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஜப்பானிலிருந்து வந்து தமிழ் கற்ற நொபொரு கராஷிமா, சோழர் கல்வெட்டுகளை வரிவரியாகப் பிரித்து எண்ணி, நிலம் ஊர்ப்பொதுவிலிருந்து தனியார் கைக்குப் போனதைக் காட்டினார். அவருக்குக் காலம் மாறுவது என்றால் அரியணை மாறுவது அல்ல, நிலம் கைமாறுவது. அந்நியர் ஒருவருக்கு நம் கல்லில் தெரிந்தது நம் பையனுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அது கேள்வித்தாளில் வராது.

கைடை விட்டால் மேடை. ‘நம் மன்னர்கள், நம் பெருமை’ என்று தொண்டை கிழியும் மேடை. சோழன் தலைகொண்டான் வீரபாண்டியன். பிறகு ஆதித்த கரிகாலன் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்று தன் பெயருக்கு முன் போட்டுக்கொண்டான். தலையை எடுத்தவன் தமிழன், இழந்தவனும் தமிழன். எந்தத் தலைக்காகப் பெருமைப்படுவது? அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கோவிலாங்குளத்தில் ஒரு சமணப் பள்ளி இருந்தது. அங்குள்ள கல்வெட்டு முதல் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1118. பாண்டிய மண், சோழன் ஆட்சியாண்டு, சமணரின் முக்குடையார். மேடையில் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? கைடு சரித்திரத்தை விடையாக்குகிறது, மேடை கைதட்டலாக்குகிறது. இரண்டுக்குமே கல்லைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று அனுமதித்தது. வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் போதும். நல்லது. ஆனால் இரண்டு காகிதங்கள் சேர்ந்து ஒரு வாசிப்பு ஆகாது.

கூடவே படிப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. நேர்மாறு. டி.டி. கோசாம்பி கணித ஆசிரியர். பழைய நாணயங்களை எடை போட்டு, புழக்கத்தில் தேய்ந்த தேய்மானத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து சரித்திரத்துக்குள் நுழைந்தார். அவருடைய கணிதம் அவர் சரித்திரத்துக்குக் கண் கொடுத்தது. மயிலை சீனி. வேங்கடசாமி பிழைப்புக்குப் பள்ளிக்கூட வாத்தியார். சமணமும் பௌத்தமும் தமிழுக்குச் செய்ததை எழுத அவர் எந்தத் துறைத்தலைவரின் சிபாரிசுக்கும் காத்திருக்கவில்லை. திருச்சியில் கலைக்கோவன் கண் மருத்துவர். கோயில் கோயிலாக ஏறி இறங்கி அளந்து எழுதியவர். இவர்களுக்குச் சரித்திரம் துணைப்பாடம்தான். ஆனால் மூலத்தைத் தாங்களே தொட்டார்கள். வித்தியாசம் அங்கேதான்.

நம்மவர்களையும் விட்டுவைக்க முடியாது. இந்தப் பக்கங்களில் ‘மரபு’ என்ற வார்த்தையை எத்தனை முறை அச்சுக் கோத்திருக்கிறோம்! மரபை மீறுகிறோம், மரபில் வேர்கொள்கிறோம். வட்டெழுத்தில் ஒரு வரி படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தெரியாத ஒன்றை மீறவும் முடியாது, அதில் வேர்விடவும் முடியாது. மாணவனிடம் கைடு இருக்கிறது, நம்மிடம் மேற்கோள் இருக்கிறது. அவனாவது பரீட்சையில் மார்க் வாங்குவான்.

ஆகவே கேட்பது பெரிய காரியமில்லை. கைடை எறியச் சொல்லவில்லை. வேலை வேண்டும், படிக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கல்லின் முன்னால் நிற்கட்டும். முதல் நாள் ஓர் எழுத்து பிடிபட்டால் போதும். பி.எஸ்ஸி. படிப்பு அவனுக்கு அளக்கவும் சந்தேகப்படவும் கற்றுக்கொடுத்திருந்தால், கல்லின் முன்னால் அதுதான் மூலதனம்.

பஸ் வருவதற்குள் அவனிடம் இன்னொன்றும் கேட்டேன். பந்தல்குடியில் யார் போட்ட பந்தல், யாருடைய குடி? சிரித்தான். ‘இது எந்த யூனிட்ல சார் வருது?’ பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து கைடைத் திறந்தான். இரண்டு பக்கம் தாண்டியிருப்பான். மூடிவிட்டு ஜன்னல் வழியாக ஊர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பார்வைக்குத்தான் சரித்திரம் என்று பெயர்.